ஃபினாஸ்டரைடா, மினாக்சிடிலா?

நெற்றி இரண்டு ஓரத்திலும் ஏறி, உச்சியில் தோல் தெரிய ஆரம்பித்ததும் மருத்துவரிடம் பேசி நான் எடுத்துக்கொண்டது ஃபினாஸ்டரைடு மாத்திரை. தலையில் தடவும் மினாக்சிடிலோடு ஒப்பிட்டால் இன்றும் நான் அதன் கட்சிதான்.

ஆனால் முதலில் உதிர்வது எதனால் என்று தெரிந்தாக வேண்டும். கடுமையான காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டினால், அது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு என்றால் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். வட்டமாக விழும் புழுவெட்டுக்கு வைத்தியமே வேறு.

பரம்பரைச் சொட்டையில் நடப்பது இது: டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஎச்டி என்ற இன்னொரு ஹார்மோனாக மாற்றுகிறது. மரபணு காரணமாகச் சிலருடைய முன்தலை, உச்சி வேர்க்கால்கள் இந்த டிஎச்டியைத் தாங்குவதில்லை. வளர்ச்சிச் சுற்று ஒவ்வொன்றிலும் முடி மெலிந்து குட்டையாகி, கடைசியில் பூனைமுடிதான் மிஞ்சும். பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்டவர்களுக்கு இந்த வழுக்கை விழுவதில்லை என்று அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942இலேயே எழுதினார். அம்மாவைப் பெற்ற தாத்தாவின் தலையைப் பார்த்தால் போதும் என்பார்கள். ஆண் ஹார்மோன்களைப் பற்றிக்கொள்ளும் ஆண்ட்ரோஜன் ஏற்பிக்கான மரபணு, ஆணுக்கு அம்மாவிடமிருந்து வரும் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. அப்பா வழியிலும் பல மரபணுக்கள் வந்து சேர்கின்றன.

மினாக்சிடில் இந்த ஹார்மோன் பக்கமே போவதில்லை. ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி கூடுதலாக வளரவே, தலையில் தடவும் மருந்தானது. அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது. முடி வளரும் பருவத்தை நீட்டிக்கிறது, உச்சியில் நன்றாகவே வேலை செய்கிறது. ஆரம்பத்தில் சில வாரம் உதிர்வு கூடும், அதற்குப் பயந்து நிறுத்திவிடக் கூடாது. பூனை வளர்க்கும் வீடு என்றால் மிகுந்த கவனம் வேண்டும், சிறிதளவு நக்கினாலும் பூனைக்கு அது விஷம்.

ஃபினாஸ்டரைடு அந்த நொதியையே தடுக்கிறது. தினம் 1 மில்லிகிராம், ரத்தத்தில் உள்ள டிஎச்டி ஏறக்குறைய 70 சதவீதம் குறையும்.

என்னைப் பொறுத்தவரை தீர்மானிக்கும் விஷயம் ஒன்றுதான்: நிறுத்தினால் என்ன ஆகும்? மினாக்சிடிலை விட்டால் சில மாதங்களில் வளர்ந்தது போய்விடும். ஃபினாஸ்டரைடை விட்டால் ஒரு வருடத்துக்குள் பலன் கரைந்துவிடும். இரண்டுமே நீண்ட கால ஒப்பந்தம். அப்படியென்றால், எது அதிகம் வளர்க்கும் என்று கேட்பதைவிட, பத்து வருடம் எதை விடாமல் செய்வேன் என்று கேட்பதே சரி. உலர்ந்த தலையில் காலையும் மாலையும் தடவி, காயும்வரை காத்திருந்து, பிசுபிசுப்போடு வேலைக்குப் போவதைப் பலர் முதல் வருடத்திலேயே கைவிடுகிறார்கள். மாத்திரைக்கு ஒரு வாய் தண்ணீர் போதும். அப்புறம், மினாக்சிடில் மட்டும் போடுகிறவர்களுக்கு அடியில் டிஎச்டியின் வேலை நிற்காமல் நடந்துகொண்டுதான் இருக்கும்.

மாத்திரையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிறு சதவீதம் ஆண்களுக்குப் பாலுணர்வு குறைகிறது, விறைப்பில் சிக்கல் வருகிறது. பெரும்பாலும் நிறுத்தினால் சரியாகும். நிறுத்திய பிறகும் நீடித்ததாகச் சொல்பவர்கள் உண்டு. தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிசெய்தது. எனக்கு எதுவும் வரவில்லை, ஆனால் அது ஒரே ஒருவனின் அனுபவம். மனச்சோர்வு இருந்தவர்களுக்கு நான் மினாக்சிடிலைத்தான் சொல்வேன். அதை நான் கொஞ்ச காலமே போட்டிருக்கிறேன். பிசுபிசுப்பு பற்றிய என் புகாரை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து எடுப்பவர்களுக்குப் பலன் கூடுதல்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையை அவர் தொடக் கூடாது. ஆண் கருவைப் பாதிக்கலாம். பிராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது இந்த மாத்திரை எடுப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பிஎஸ்ஏ அளவை அது ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும், புற்றுநோய் அறிகுறி கண்ணில் படாமல் போய்விடக்கூடும்.