ஆடிப் பட்டம்: தரைப் பாத்தியா, பையா, டிரம்மா?

ஆடியில் நடும் கத்தரி இரண்டு பருவங்களைப் பார்க்கிறது. ஆடி, ஆவணியில் வெயிலும் காற்றும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஜூலைக் கடைசியில் வைத்த நாற்று தை வரை காய்க்க வேண்டுமென்றால் இரண்டையும் தாக்குப்பிடிக்க வேண்டும். கடையில் வளர்ப்புப் பை வாங்கும்போது நாம் பார்ப்பதோ விலை, இடம், பார்வைக்கு எப்படி இருக்கும் என்பதைத்தான். மழை பிடித்த பிறகே தேர்வு சரியா தவறா என்று தெரிகிறது.

அதனால் தரைப் பாத்தி, வளர்ப்புப் பை, வெட்டிய டிரம் மூன்றையும் இங்கே இரண்டு கேள்விகளால் சோதிக்கிறோம். ஆவணி வெயிலில் ஒரு நாள் தண்ணீர் தவறினால் செடி என்ன ஆகும்? ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை பெய்தால் வேர் என்ன ஆகும்?

தரை இருந்தால் தரைதான்

வீட்டைச் சுற்றி நூறு சதுர அடி தரை இருந்து, அதில் ஐந்து, ஆறு மணி நேரம் நேர் வெயிலும் விழுந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். முதல் கேள்வியில் தரைக்குப் போட்டியே இல்லை. வேர் கீழே இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். காய்ந்த இலை, வைக்கோல் பரப்பி மூடாக்கு போட்ட பாத்திக்கு மூன்று, நான்கு நாளுக்கு ஒரு முறை நன்றாகப் பாய்ச்சினால் போதும். வெள்ளி, சனி ஊருக்குப் போய் வந்தாலும் செடி நிற்கும்.

ஒரு அடி ஆழம் கொத்திக் கல், சுண்ணாம்புக் காரை, சிமென்ட் கட்டிகளைப் பொறுக்கி எடுங்கள். புது வீட்டு மனைகளில் இந்தக் கட்டடக் கழிவுதான் முதல் எதிரி. சுண்ணாம்பு கலந்த மண்ணில் இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றது வெளுத்துப் போகும். நூறு சதுர அடிக்கு நன்கு மக்கிய தொழு உரம் 25 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 2 கிலோ. மக்காத சாணம் போட்டால் கறையானும் வெள்ளைப் புழுவும் வரும்.

தரை தோற்பது இரண்டாவது கேள்வியில். களிமண்ணிலும் கரிசலிலும் மழைநீர் தேங்கினால் கத்தரியும் மிளகாயும் இரண்டு நாளில் தலை தொங்கும். பார்த்தால் வாடல் போலிருக்கும், தண்ணீர் வேண்டும் என்று தோன்றும். உண்மையில் வேருக்குக் காற்று கிடைக்காத மூச்சுத் திணறல் அது. இதற்கான வேலை ஐப்பசியில் செய்வதல்ல, ஆடியிலேயே முடித்திருக்க வேண்டியது. பாத்தியை மூன்றரை அடி அகலத்தில் ஓர் அடி உயர மேட்டுப்பாத்தியாக எடுத்து, பாத்திகளுக்கு இடையில் வாய்க்கால் விட்டு, அதற்கு வெளியேற ஒரு வழியும் வைக்க வேண்டும். கடலோரச் சென்னையின் மணல் தரையில் இந்தக் கவலை குறைவு. அங்கே உரம் கரைந்து கீழே போவதுதான் பிரச்சினை.

இன்னொன்று வேர்முடிச்சு நூற்புழு, மண்ணிலிருந்து வேருக்குள் புகும் நுண்ணிய புழு. கத்தரி, தக்காளி, வெண்டை மூன்றுக்கும் அது வரும். பிடுங்கிய பழைய செடியின் வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் அந்த இடத்தில் இந்தப் பட்டத்துக்குக் கத்தரியும் தக்காளியும் வெண்டையும் வேண்டாம். செண்டுமல்லியை நெருக்கமாக நட்டு ஒரு பருவம் விடுங்கள், அல்லது அந்த மூலைக்கு மட்டும் பைக்கு மாறுங்கள்.

பை: முதலில் லிட்டரைக் கேளுங்கள்

மாடி மட்டுமே உள்ளவர்களுக்குப் பையே எளிது. ஆனால் 15×15 என்று விற்பதில் இரண்டு வகை உண்டு. நிறுத்திவைத்தால் விட்டம் 15 அங்குலம், உயரம் 15 அங்குலம் என்றால் கொள்ளளவு 43 லிட்டர். தட்டையாக மடித்த நிலையில் அகலம் 15 அங்குலம் என்றால் நிரப்பும்போது விட்டம் ஒன்பதரை அங்குலமாகச் சுருங்கி, 17 லிட்டர்தான் பிடிக்கும். இரண்டுக்கும் பெயர் ஒன்று. விலை மலிவாகத் தெரிந்தால் பெரும்பாலும் இரண்டாவது வகை. விட்டமா, மடிப்பு அகலமா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

உண்மையான விட்டக் கணக்கில் 12×12 பை 22 லிட்டர், 18×18 பை 75 லிட்டர், கீரைக்கான 24×9 பை 66 லிட்டர். மிளகாய், கொத்தவரைக்கு 22 போதும். கத்தரிக்கும் தக்காளிக்கும் ஒரு செடிக்கு 40 லிட்டருக்குக் குறைத்தால் முதல் கேள்வியில் தோற்றுவிடும்: காய்ப்பில் நிற்கும் தக்காளி வெயில் நாளில் ஒன்றரை, இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கும். 17 லிட்டர் பையில் அந்த ஈரம் மதியத்திலேயே தீரும், மாலையில் ஊற்றுவீர்கள், மறுநாளும் அதே கதை. இந்த ஏற்ற இறக்கத்தில் காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராது. தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அமுங்கும். நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் அதிகம். மருந்தால் ஒன்றும் ஆகாது, பெரிய பையும் சீரான தண்ணீரும்தான் வைத்தியம்.

பொருளில், வெயிலின் புற ஊதாக் கதிரை (யூவி) தாங்கும், 220 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனம்) மேற்பட்ட எச்டிபிஇ பிளாஸ்டிக் இழையில் நெய்த பைக்குக் கொஞ்சம் கூடுதல் கொடுக்கலாம். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு என்று வரும் மெல்லிய பாலிதீன் பை ஒன்றிரண்டு கோடையில் மடிப்போரம் கிழியும். நகர்த்தும்போது கையோடு வரும். துணிப் பை வேருக்கு நல்லது, ஆனால் நான்கு பக்கமும் ஆவியாகும். கோவை, பொள்ளாச்சி, தென்காசி, கம்பம் போலக் கணவாய்க் காற்று அடிக்கும் ஊர்களில் ஆடியில் அதற்குத் தண்ணீர் ஊற்றி மாளாது.

மழையில் பை எப்படி? அடியில் உள்ள நான்கு துளைகள் திறந்திருந்தால் தரையைவிட நன்றாகவே தாங்கும். அவை அடைபடுவது தளத்தோடு ஒட்டி வைப்பதால்தான். செங்கல் மேலோ இரும்புத் தாங்கி மேலோ வையுங்கள். தளத்தில் தேங்காய் நார்க்கழிவின் பழுப்புக் கறையும் படியாது. அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே பக்கவாட்டில் இரண்டு துளை கூடுதலாகப் போடலாம். அடியில் ஜல்லி நிரப்பும் வழக்கத்தை விடுங்கள்: கலவையிலிருந்து ஜல்லிக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது, ஈரம் தேங்கும் மட்டம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும்.

டிரம்: கொடிகளுக்கு

200 லிட்டர் நீல டிரம்மை நடுவில் குறுக்கே வெட்டினால் ஒன்றரை அடி உயரத்தில் இரண்டு தொட்டி. ஒவ்வொன்றிலும் 90 லிட்டர் கலவை கொள்ளும். ஆவணி வெயிலில் ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் செடி பிழைக்கும், காற்றில் சாயாது, பல ஆண்டுகள் உழைக்கும். முன்பு அதில் என்ன இருந்தது என்பதை மட்டும் விசாரித்து வாங்குங்கள். பழக்கூழ் வந்த டிரம் சரி, சாயம், அமிலம், பூச்சிமருந்து வந்தது எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

குறை எடையில் இருக்கிறது. நிரம்பிய அரை டிரம் 90, 95 கிலோ வரும். ஒரு முறை வைத்தால் வைத்ததுதான். உத்தரத்துக்கு நேர் மேலேயோ சுவரோரமாகவோ மட்டும் வையுங்கள். துளை போதாவிட்டால் மழையில் அது தொட்டியாக இல்லாமல் குளமாகிவிடும்: 12 மி.மீ. டிரில்லில் அடியில் எட்டுத் துளை கட்டாயம்.

புடலை, பீர்க்கு, பாகலுக்கு அரை டிரம்முக்கு இரண்டு கொடி. கத்தரிக்கு டிரம் கொடுப்பது இடத்தை வீணாக்குவது. 40 லிட்டர் பையிலேயே அது நன்றாகக் காய்க்கும்.

உள்ளே போகும் கலவை

எதில் வளர்ப்பது என்பதைவிட இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மாடியில் போட்டி செம்மண்ணுக்கும் நார்க்கழிவுக்கும்.

எடையிலிருந்து தொடங்குவோம். ஆட்கள் ஏறும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 875 எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஈரச் செம்மண் லிட்டருக்கு 1.7 கிலோ, 15×15 பையில் இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் ஒரு பை 64 கிலோ. சதுர மீட்டருக்கு இரண்டு பையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நார்க்கழிவும் உரமும் மட்டும் என்றால் பை 32 கிலோ, நான்கு வைக்கலாம். நார்க்கழிவை எல்லாரும் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் தனி நார்க்கழிவுக் கலவை இரண்டு கேள்விகளிலும் தடுமாறுகிறது. ஒரு முறை முழுக்கக் காய்ந்தால் தண்ணீரை ஏற்காது. ஊற்றியது ஓரமாக வழிந்து கீழே ஓடும், நடுவில் வேர் வறண்டு கிடக்கும். அடைமழையிலோ மேல்பக்கம் காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் சொதசொதவென்று நிற்கும். மக்காத நார்க்கழிவில் கரிமம் மிக அதிகம். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் மூன்றாம் வாரம் வெண்டை மஞ்சளடிக்கும். ஒரு பட்டம் முடிவதற்குள் கலவை கால் பங்கு இறங்கியும் விடும்.

தனிச் செம்மண் ஆவணியில் ஓடு போல இறுகும், பக்கச் சுவரை விட்டு விலகும், அந்த இடுக்கு வழியே தண்ணீர் ஓடும்.

எங்கள் பரிந்துரை செம்மண் 1, கழுவிய நார்க்கழிவு 2, மண்புழு உரம் 1. ஈர எடை லிட்டருக்கு ஒரு கிலோவை ஒட்டி வரும். பை 39 கிலோ, சதுர மீட்டருக்கு மூன்று. கால் பங்கு மண் இருப்பதே காய்ந்த கலவை மறுபடி ஈரம் ஏற்க உதவும், சத்தையும் பிடித்து வைக்கும். பத்துப் பைக்கு 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி மூன்று, மண்புழு உரம் 50 கிலோ, செம்மண் 20 லிட்டர் பக்கெட்டில் ஐந்து, வேப்பம் புண்ணாக்கு ஒரு கிலோ.

கட்டியை அப்படியே உடைத்துப் போடக் கூடாது. 25 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, தேநீர் நிறத் தண்ணீர் வெளிறும் வரை மூன்று முறை மாற்றுங்கள். உப்பு அதில்தான் போகும். சந்தேகம் இருந்தால் ஒரு கப்பில் நாலைந்து பச்சைப்பயறு முளைக்கவிட்டுப் பாருங்கள். இலை நுனி கருகினால் இன்னொரு முறை கழுவ வேண்டும். கலவையைப் பத்து நாள் ஈரமாகக் குவித்து வைத்த பிறகே நிரப்பவும். நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் மேலே போடுங்கள்.

எத்தனை செடி?

வெண்டையில் கணக்கு தப்புவது வழக்கம். நன்றாக நிற்கும் செடி இரண்டு நாளுக்கு ஒரு காய் தரும். பத்துச் செடி என்றால் வாரத்துக்கு 35 காய், ஏறத்தாழ அரை கிலோ: நால்வர் வீட்டுக்கு ஒரு நேரப் பொரியல். இரண்டு பையில் வெண்டை வைத்தால் சாம்பாருக்குக்கூடத் தேறாது. வெண்டையைத் தரைக்கு ஒதுக்குங்கள், 45×30 செ.மீ. இடைவெளியில், மாடி மட்டும் என்றால் 24×9 பையில் மூன்று செடி. நூறு நாளில் முடிந்துவிடுவதால் கனமழைக்கு முன் அது போய்விடும். கத்தரி நான்கு செடி, மிளகாய் மூன்று, கொடியில் ஒவ்வொன்றும் இரண்டு போதும். கீரையைப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு பையில் மாற்றி மாற்றி விதைத்தால் தொடர்ந்து கிடைக்கும்.

தக்காளி ஆடிப் பட்டத்தின் பலவீனமான பயிர். ஐப்பசி மழையில் பூ கொட்டும், இலைக்கருகல் வரும். இடம் குறைவென்றால் அதை மார்கழி, தைக்கு ஒத்திவைப்பது லாபம்.

நாட்டு விதையா, வீரிய ரகமா?

இது பயிரைப் பொறுத்தது, கொள்கையைப் பொறுத்தது அல்ல. வெண்டையில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு தேமல் நோய் வந்தால் செடியைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. ஆகவே எதிர்ப்புத்திறனுக்காக உருவாக்கிய அர்கா அனாமிகா போன்ற ரகமோ வேளாண் பல்கலைக்கழக வீரிய ஒட்டோ நல்லது. ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் ஒட்டுப்பொறியும் கட்டுங்கள். கத்தரியில் நாட்டு ரகமே மேல். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் முள்ளுக்கத்தரி மாதிரி ருசி ஒட்டு ரகத்தில் வராது, விதையையும் எடுத்து வைக்கலாம். குருத்து வாடித் தொங்கினால் உள்ளே தண்டுத் துளைப்பான். வாடிய நுனிக்குக் கீழே ஓர் அங்குலம் சேர்த்து வெட்டி அழியுங்கள்.

வெண்டை, கொத்தவரை, கொடிகளை நேரடியாக விதைக்கலாம். கத்தரி, மிளகாய் நாற்றை ஆனி நடுவிலேயே போட்டிருக்க வேண்டும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாள் வரை ஆகும். ஆடி பிறந்த பிறகு நினைவு வந்தால் நர்சரி நாற்று வாங்குவதே சரி. பூவோடு இருக்கும் உயரமான நாற்றை விட்டுவிட்டு, ஐந்தாறு இலையோடு குட்டையாகத் தடித்திருப்பதை எடுங்கள்.

கொடிகளுக்கான பந்தலை விதைத்த நான்காம் வாரத்துக்குள் கட்டி முடித்துவிடுங்கள். கம்பங்களைக் கைப்பிடிச் சுவரோடு இரண்டு இடத்தில் கட்டினால்தான் காற்றுக்கு நிற்கும். மழை நாளில் தேனீ வராவிட்டால் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும்: பாகலுக்குக் காலையில், பீர்க்குக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் பூ விரியும்போது. வெண்டை முடிந்த பைகளில் பழைய கலவையைக் கொட்டிவிடாமல், வேரை எடுத்து, இறங்கிய அளவுக்கு மண்புழு உரம் சேர்த்து ஐப்பசி இறுதியில் முள்ளங்கி விதைக்கலாம்.