ஓரியனா, கரீனாவா: மலையகத்திலிருந்து எந்த நெபுலாவைப் படமெடுப்பது?

கையில் சாதாரண டிஎஸ்எல்ஆர், 135 மி.மீ. லென்ஸ், ஆடாத ஒரு ட்ரைபொட். வானத்தோடு சேர்ந்து திரும்பும் டிராக்கர் இல்லை. இவ்வளவோடு நெபுலா, அதாவது விண்வெளியில் மிதக்கும் வாயு, தூசி மேகம் ஒன்றை எடுக்க நினைப்பவருக்கு ஓரியன், கரீனா என்று இரண்டு நல்ல இலக்குகள் உண்டு. இரண்டிலும் இன்றும் நட்சத்திரங்கள் பிறக்கின்றன. இருட்டான இடத்தில் இரண்டும் வெறும் கண்ணுக்கே தெரியும். எல்லாரும் ஓரியனில்தான் தொடங்குகிறார்கள். தொடங்கட்டும், அதோடு நின்றுவிடுவதுதான் எனக்குப் பிடிப்பதில்லை.

ஓரியனின் பலம் உயரம். ஜனவரிக் கடைசியில் இரவு ஒன்பது மணிக்கு அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 78 பாகையில், தலைக்கு மேலேயே நிற்கும். நுவரெலியா போலச் சுற்றிவர மலை அடைத்த ஊரிலும் லயத்து வாசலில் நின்றே எடுக்கலாம். தூரமும் சுமார் 1,350 ஒளியாண்டுதான். தொல்லை அதன் நடுப்பகுதி. இருபுறமும் விரியும் மங்கலான இறக்கைகள் தெரியுமளவு வெளிச்சம் வாங்கினால் நடு வெளுத்துப்போகும். குறுகிய எக்ஸ்போஷரில் ஒரு தொகுதி, நீண்டதில் இன்னொரு தொகுதி எடுத்துப் பிறகு இணைக்கவேண்டும்.

கரீனா தெற்கே 23 பாகைக்கு மேல் ஏறாது. அந்த உயரத்தில் அதன் ஒளி, தலைக்கு மேலிருந்து வருவதைப்போல இரண்டரை மடங்கு காற்றைக் கடக்கவேண்டும். தெற்கே உயர்ந்த முகடு ஒன்று இருந்தால் கதை முடிந்தது. அதனால்தான் அப்புத்தளையைச் சொல்கிறேன். தம்பேதென்னைத் தேயிலை மலைகளுக்கு மேலே ஏறி நின்றால் தெற்குப் பக்கம் அப்படியே கீழ்நாட்டுக்குச் சரிந்துவிடும், மறைக்க எதுவுமில்லை.

அப்புறம், பலர் கணக்கில் எடுக்காத ஒன்று. ஓரியன் வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) அருகில் இருப்பதால் வேகமாக நகரும். அதற்கு 60 பாகை தெற்கே இருக்கும் கரீனாவுக்கு அதில் பாதி வேகம்தான். ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் கொண்ட கெமராவில் 135 மி.மீ. லென்ஸ் போட்டால் ஓரியன் இரண்டரை வினாடியில் கோடாக இழுபடத் தொடங்கும், கரீனா ஐந்து வினாடி வரை தாங்கும். ஒவ்வொரு படத்திலும் இரட்டிப்பு ஒளி. தடித்த காற்றில் இழப்பதில் பெரும்பகுதி இப்படித் திரும்பிவிடுகிறது. நூற்றுக்கணக்கில் எடுத்து டீப்ஸ்கைஸ்டாக்கர் என்ற கணினி மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டியது இரண்டுக்கும் பொது.

டிராக்கர் வாங்கினால் சரியாகிவிடுமே என்பீர்கள். வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் டிராக்கரின் அச்சைத் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துப் பொருத்தச் சொல்லும். நமக்கோ அது வெறும் 7 பாகையில். தெற்குச் சரிவில் நிற்பவருக்கு முதுகுக்குப் பின்னால் உள்ள மலை அதை விழுங்கிவிடும்.

நிறத்தில் ஓரியன்தான் ஜெயிக்கிறது. கரீனாவின் நிறத்துக்கு முக்கியமான ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பைச் சாதாரண கெமராவின் வடிகட்டி பெரும்பாலும் தடுத்துவிடுவதால் கரீனா வெளிறிய ரோஜா நிறத்தில்தான் வரும். ஆனாலும் ஓரியனைப்போல நான்கு மடங்கு பரப்பு, உள்ளே 1843இல் சிரியசுக்கு அடுத்த பிரகாசத்துக்கு எகிறிய ஈட்டா கரீனே என்ற நட்சத்திரம், ஓரத்தில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2022 ஜூலையில் காட்டிய வாயு மலைகள். ஐரோப்பாவில் இருப்பவருக்கு இதெல்லாம் அடிவானத்துக்குக் கீழே.

தலவாக்கலை, நுவரெலியாக்காரர் ஓரியனோடு இருக்கலாம். அப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கம் வீடென்றால் என் தெரிவு கரீனா. ஏப்ரலில் ஒன்பது, பத்து மணிக்கே உச்சத்துக்கு வரும் என்றாலும் அந்திமழை கெடுக்கும். பெப்ரவரி நடுவில் நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு எடுப்பதே மேல். லென்சில் பனி படியாமலிருக்கப் பவர்பேங்கில் ஓடும் சூட்டுப்பட்டி ஒன்று கட்டாயம். தேடுவது அகத்தியர் நட்சத்திரத்துக்கும் தென்சிலுவைக்கும் நடுவில், சிலுவைக்குக் கிட்ட. அதற்கு முன்னாலேயே போலிச் சிலுவை ஒன்று எழும், கொஞ்சம் பெரிது, கொஞ்சம் மங்கல். அதை நம்பி லென்சைத் திருப்பிவிடாதீர்கள்.