ஓசூர் கடல்மீன் கடை: கருப்புக் கடல் முள்ளெலி வாங்குபவர்கள் கவனிக்க

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் கடல்மீன் வளர்க்க வீட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் எதற்கெடுத்தாலும் பெங்களூருக்கு ஓட வேண்டியிருக்கும். ஓசூரில் இருக்கும் இந்தக் கடை அந்த அலைச்சலை நன்றாகவே குறைக்கிறது. தண்ணீர் சுத்தம். கேட்டால் உப்பளவை நம் கண்முன்னே அளந்து காட்டுகிறார்கள், தாமிரம் கலந்த மீன் மருந்து போட்ட தொட்டியில் கடல் முள்ளெலியை (உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் உருண்டையான கடல் உயிரி, ஆங்கிலத்தில் sea urchin) விடுவதே இல்லை, விட்டால் அது செத்துப்போகும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. நீளமான கருப்பு முள் இருந்தால் போதும், எல்லாவற்றுக்கும் 'டயடெமா' (கடல் முள்ளெலியில் ஒரு வகையின் அறிவியல் பெயர்) என்று ஒரே சீட்டு, ஒரே விலை. நான் பார்த்த தொட்டியில் மூன்று இனங்கள் கலந்து கிடந்தன.

வாங்கப் போகிறவர்கள் முள்ளின் நிறத்தை நம்பாதீங்க. குட்டியில் எல்லாவற்றுக்குமே முள்ளில் பட்டை பட்டையாக இருக்கும், ராத்திரியில் நிறமும் வெளுக்கும். மேலிருந்து உச்சியைப் பாருங்க, கழிவு வெளியேறும் குமிழ் அங்கேதான் இருக்கிறது. அதன் வாயைச் சுற்றி ஆரஞ்சு வளையம் இருந்தால் டயடெமா செட்டோசம். வளையம் இல்லாமல் உடம்பில் நீலக் கோடுகள் மினுங்கினால் பெரும்பாலும் டயடெமா சாவிக்னி. செட்டோசத்துக்கு ஐந்து வெள்ளைப் புள்ளிகள் உண்டு என்பார்கள், சாவிக்னியிலும் சிலவற்றுக்கு அது இருப்பதால் வளையம்தான் முக்கியம். இரண்டும் கலந்து பிறந்தவையும் கடலில் உண்டு, அவற்றைக் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்வது கஷ்டம்.

மூன்றாவது எக்கினோத்ரிக்ஸ் கலமாரிஸ், இது டயடெமாவே இல்லை. இதைத்தான் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். குமிழ் பெரிய பை மாதிரி உப்பி, வெள்ளைப் புள்ளிகளோடு தெரியும். தடித்த நீள முட்களுக்கு நடுவே ஊசி மாதிரி மெல்லிய முட்கள் இன்னொரு வகையாக இருக்கும், விஷம் அந்த மெல்லிய முட்களில்தான். தொட்டியைக் கழுவக் கைவிடும் வீட்டில், அதுவும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், எது வந்திருக்கிறது என்று தெரியாமல் இருக்கக் கூடாது.

கடைக்கார அண்ணனிடம் சொன்னேன், முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார், சீட்டை மாற்றுகிறேன் என்றார். மாற்றும் வரை ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்தான். போகும்போது வெள்ளை வெளிச்சம் தரும் டார்ச் ஒன்று எடுத்துப் போங்க, கடைத் தொட்டி விளக்கு நீலம், அதில் வளையத்தின் நிறம் சரியாகப் பிடிபடாது.