பட்டம் முடித்தபின் மூன்றாண்டு எல்.எல்.பி.: தமிழகமா, டெல்லியா, பெங்களூரா, வெளிநாடா?

பி.காம்., பி.இ., பி.எஸ்சி. என ஏதோ ஒரு பட்டத்தை முடித்துவிட்டுச் சட்டம் படிக்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது, எந்தக் கல்லூரிக்குப் பெயர் அதிகம் என்று. அதற்கு முன்பே தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. படித்து முடித்து எங்கே நிற்கப் போகிறோம்? மாவட்ட நீதிமன்றத்திலா, உயர் நீதிமன்றத்திலா, கார்ப்பரேட் சட்ட நிறுவனத்திலா, காப்புரிமைத் துறையிலா? இது தெளிவானால் கீழே சொல்லியிருக்கும் வழிகளில் பாதி தானாகவே கழிந்துவிடும். இந்தியாவில் அங்கீகாரம் பெற்ற எந்தக் கல்லூரியில் எல்.எல்.பி. முடித்தாலும் வழக்கறிஞராகப் பதிவு செய்யும் உரிமை ஒன்றுதான். நுழைவு முறை, செலவு, சொல்லித்தரும் மாநிலச் சட்டங்கள், கூடப் படிப்பவர்கள் மூலம் கிடைக்கும் தொடர்புகள் ஆகியவைதான் இடத்துக்கு இடம் மாறும்.

எங்கே சேர்ந்தாலும் மாறாதவை

சட்டக் கல்வியையும் வழக்கறிஞர் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் நாடு முழுவதற்கும் பொது. முதல் பட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 45, ஓ.பி.சி.க்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம் என்பது அடிப்படைத் தேவை. பல்கலைக்கழகம் இதைக் கூட்டிக்கொள்ளலாம், குறைக்க முடியாது.

பலர் தடுக்கி விழும் இடம் இதுவல்ல, படித்து வந்த வரிசை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு பட்டம் என்று ஒழுங்காக வந்திருக்க வேண்டும். அடிப்படைத் தகுதி இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்களுக்கு அனுமதி கிடையாது. பிளஸ் 2 முடித்துவிட்டுத் தொலைதூரக் கல்வியில் பட்டம் வாங்கியிருந்தால் சிக்கல் இல்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ஏதோ ஒரு கல்லூரியில் சேர்ந்து, மூன்று வருடம் படித்து, பார் கவுன்சிலில் சான்றிதழ் சரிபார்க்கும்போது மாட்டிக்கொண்டால் போன வருடங்கள் திரும்பி வராது.

எல்.எல்.பி. என்பது முழுநேரப் படிப்பு. காலை 8 மணிக்கும் இரவு 7 மணிக்கும் இடையில்தான் வகுப்பு நடக்க வேண்டும். வாரத்துக்கு 30 மணி நேரம், ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை. அஞ்சல்வழி எல்.எல்.பி.யை வைத்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. அதே நேரத்தில் இன்னொரு முழுநேரப் பட்டமும் படிக்கக் கூடாது. 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் அனுப்பிய சுற்றறிக்கைப்படி, மாணவர்கள் வேலையில் இருக்கிறார்களா, வேறு படிப்பில் சேர்ந்திருக்கிறார்களா, குற்ற வழக்கு ஏதும் உண்டா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வேலையில் இருந்தால் நிறுவனத்தின் தடையில்லாச் சான்று வேண்டும்.

"பேருக்குச் சேர்ந்துகொள்ளுங்கள், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்" என்று அண்டை மாநிலக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லி ஏஜென்ட்கள் வருவார்கள். லெட்டர்பேட் கல்லூரிகள் என்று நீதிமன்ற வட்டாரத்தில் சொல்வது இவற்றைத்தான். பட்டம் கையில் இருக்கும், ஒரு வழக்குக் கட்டைப் புரட்டத் தெரியாது. அந்தப் பட்டம் எப்போது கேள்விக்குள்ளாகும் என்றும் சொல்ல முடியாது. இந்த வழியை ஒப்பீட்டில் சேர்க்கவே தகுதியில்லை.

தமிழக அரசுக் கல்லூரிகளும் டெல்லிப் பல்கலைக்கழகமும்

குறைந்த செலவில் படிக்க நினைப்பவர்களுக்கு உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இல்லை. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் முதல் பட்ட மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டுக் கவுன்சிலிங் நடத்துகிறது. 69 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி, வேலூர் போன்ற ஊர்களில் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 2018-இல் உயர் நீதிமன்ற வளாகத்தை விட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. வகுப்பு முடிந்து நடந்துபோய்க் கோர்ட்டில் உட்கார்ந்துவிட்டு வரும் வசதி இப்போது இல்லை. அந்த வசதிக்காகவே சென்னையைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கணக்கில் கொள்ளட்டும். பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப்பள்ளியில் கிடைப்பது ஹானர்ஸ் பட்டம். அங்கே மதிப்பெண் தேவையும் கட்டணமும் அரசுக் கல்லூரிகளைவிட அதிகம்.

மதிப்பெண்ணை வைத்தே தேர்வு என்பதில் ஒரு கடினமான பக்கமும் உண்டு. பொறியியலில் அரியரோடு போராடி 58 சதவீதத்தில் வெளியே வந்தவர், தன்னாட்சிக் கல்லூரியில் 80 சதவீதம் வாங்கிய பி.காம். மாணவரோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அந்த 58-ஐ இனி எதுவும் செய்ய முடியாது.

டெல்லியில் கதை வேறு. தேசியத் தேர்வு முகமை நடத்தும் கியூட் முதுநிலைத் தேர்வின் மதிப்பெண்தான் அங்கே இடத்தைத் தீர்மானிக்கும். பொதுப் பிரிவினருக்குப் பட்டத்தில் 50 சதவீதம் இருந்தால் போதும், அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் பயன் இல்லை. சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு ஒன்று கழிவு. இந்த வருடம் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வருடம் எழுதலாம். பட்ட மதிப்பெண் சுமாராக இருந்து, தேர்வு எழுதும் திறமை இருப்பவருக்கு இது நல்ல வாசல். கேம்பஸ் லா சென்டர், லா சென்டர் 1, லா சென்டர் 2 என மூன்று மையங்கள் இருக்கின்றன. அதே தேர்வை வைத்துக் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் முயலலாம்.

தமிழ்நாட்டிலிருந்து டெல்லிக்கு விண்ணப்பிப்பவர்கள் சாதிச் சான்றிதழில் ஏமாந்துபோகிறார்கள். இங்கே வாங்கிய பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் அங்கே செல்லாது. சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்க வேண்டும். கிரீமி லேயரில் வரவில்லை என்று குறிப்பிடும் மத்திய அரசுப் படிவத்தில், அந்த நிதியாண்டில் வாங்கிய சான்றிதழ் வேண்டும். தேர்வு முடிவு வந்தபிறகு தாலுகா ஆபீசுக்கு ஓடினால் நேரம் போதாது.

கல்லூரிக் கட்டணம் இரண்டு இடத்திலும் குறைவு. ஆனால் டெல்லியில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கட்டணத்தை விழுங்கிவிடும். அதை விட முக்கியமானது, படிக்கும் சட்டம். அரசியலமைப்பு, ஒப்பந்தம், குற்றவியல், சாட்சியம் எல்லாம் எங்கும் ஒன்றுதான். நில வருவாய், வாடகை, நீதிமன்றக் கட்டணம் போன்றவை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் சிவில் வழக்கு நடத்துபவருக்கு 1955-ஆம் ஆண்டு தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டமும், 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும், பட்டா, சிட்டா, அடங்கல் படிக்கத் தெரிவதும் அன்றாடத் தேவை. டெல்லியில் படித்தவர் ஊருக்குத் திரும்பி வந்து சீனியரிடம் முதலிலிருந்து இவற்றைக் கற்க வேண்டியிருக்கும்.

மொழியும் இதில் சேரும். இங்குள்ள கல்லூரிகளில் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான். எனவே தமிழில் எழுதித் தேர்ச்சி பெறுபவர்களும் தீர்ப்புகளை ஆங்கிலத்தில் படிக்கும் பழக்கத்தை முதல் செமஸ்டரிலேயே தொடங்கிவிட வேண்டும். சொந்த மாவட்டத்தில் பிராக்டிஸ் செய்வது என்று முடிவானவர்கள் தமிழக அரசுக் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. உச்ச நீதிமன்றம், தீர்ப்பாயங்கள், கொள்கை ஆய்வு என்று மனம் போனால் டெல்லிக்குப் போகலாம். வேலை நாட்களில் உச்ச நீதிமன்ற வாதங்களை நேரில் கேட்கும் வாய்ப்பு அங்கே மட்டுமே உண்டு.

பெங்களூரும் கரக்பூரும்

பெங்களூரில் உள்ள தேசிய சட்டப் பள்ளி 2022 முதல் மூன்றாண்டு எல்.எல்.பி. ஹானர்ஸ் நடத்துகிறது. என்.எல்.சாட் என்ற தனித் தேர்வு. கொள்குறி வினாக்களோடு விரிவாக எழுதும் பகுதியும் உண்டு என்பதால், கியூட்டுக்குப் படித்ததை மட்டும் வைத்து இதை எழுதிவிட முடியாது. கட்டணம் லட்சங்களில். பெரிய சட்ட நிறுவனங்களில் வேலை வேண்டும் என்பவருக்கு அந்தப் பணம் திரும்பக் கிடைக்கக்கூடும். மாவட்ட நீதிமன்றத்தில் ஜூனியராகச் சேரப் போகிறவர் இதற்காகக் கடன் வாங்குவது சரியில்லை. ஜூனியராக இருக்கும் முதல் சில வருடங்களில் வருமானம் மாதத் தவணை கட்டும் அளவுக்கு இருக்காது.

ஐ.ஐ.டி. கரக்பூரில் 2006-இல் தொடங்கிய ராஜீவ் காந்தி அறிவுசார் சொத்துரிமைச் சட்டப் பள்ளி, பொறியியல், மருத்துவம், அறிவியல் பின்னணி உள்ளவர்களுக்கானது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பப் பட்டம் இல்லாதவர், பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாளும் பேடன்ட் ஏஜென்ட் ஆக முடியாது. பி.ஏ. முடித்துச் சட்டம் படித்த எவ்வளவு பெரிய வழக்கறிஞருக்கும் இந்தக் கதவு மூடியே இருக்கும். பி.இ. முடித்தவரின் பழைய பட்டம் வீணாகாத துறை இது. கரக்பூர் கிடைக்கவில்லை என்றாலும் வருத்தப்பட வேண்டாம். எந்தக் கல்லூரியில் எல்.எல்.பி. படித்துக்கொண்டும் பேடன்ட் ஏஜென்ட் தேர்வை எழுதலாம். சென்னையிலேயே காப்புரிமை அலுவலகம் இருக்கிறது.

வெளிநாடு

அமெரிக்காவில் ஜே.டி. என்பது முதல் பட்டத்துக்குப் பிறகான மூன்றாண்டுப் படிப்பு. பல சட்டப் பள்ளிகள் எல்சாட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கேட்கும். இங்கிலாந்தில் சட்டம் படிக்காத பட்டதாரிகள், வேறு துறையிலிருந்து சட்டத்துக்கு மாறுவதற்கான டிப்ளமோ படிக்கலாம். 2021-இல் வந்த எஸ்.க்யூ.இ. என்ற சொலிசிட்டர் தகுதித் தேர்வும் இரண்டு வருடப் பணி அனுபவமும் சேர்ந்தால் அங்கே சொலிசிட்டர் எனப்படும் வழக்கறிஞர் ஆகலாம். அந்த நாட்டிலேயே வேலை செய்யப் போகிறவருக்கு இவை சரியான வழிகள்.

இந்தியாவுக்குத் திரும்பி வக்காலத்து போடும் எண்ணம் இருந்தால் கணக்கு மாறும். டிப்ளமோ என்பது சட்டப் பட்டம் அல்ல, அதை வைத்து இங்கே பதிவு செய்ய முடியாது. வெளிநாட்டு எல்.எல்.பி., ஜே.டி. என்றால் அந்தப் பட்டத்துக்கு இந்திய பார் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்க வேண்டும், அதன்பின் ஆறு தாள் கொண்ட தகுதித் தேர்வில் தேற வேண்டும். பணம் கட்டும் முன்பே அந்தப் பல்கலைக்கழகத்தின் குறிப்பிட்ட படிப்புக்கு, படிப்பின் கால அளவையும் சொல்லி, பார் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கன்சல்டன்சி சொல்வதை நம்ப வேண்டாம்.

சட்டப் பட்டம் இல்லாதவர்களுக்கென்றே சில முதுகலைப் படிப்புகள், வணிகச் சட்ட முதுகலை, சைபர் சட்ட டிப்ளமோ எல்லாம் இங்கேயும் வெளிநாட்டிலும் இருக்கின்றன. மனிதவளம், வங்கி, கம்ப்ளையன்ஸ் (நிறுவனம் சட்ட விதிகளைப் பின்பற்றுகிறதா என்று பார்க்கும்) வேலையில் இருப்பவருக்கு அவை உதவும். வழக்கறிஞர் ஆக்காது.

படிப்புக்குள்ளே போனபின்

மூன்று வருடம், ஆறு செமஸ்டர். 20 கட்டாயத் தாள், 4 செயல்முறைத் தாள், 6 விருப்பத் தாள். ஹானர்ஸ் என்றால் இன்னும் 8 தாள். படிப்புக் காலத்துக்குள் 12 வாரம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும், அதையும் ஒரே மூச்சில் முடிக்க முடியாது. ஒரு வருடத்தில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கணக்கில் வராது.

முதல் செமஸ்டரில் அரியர் விழுவது பெரும்பாலும் அறிவுக் குறைவால் அல்ல, விடை எழுதும் முறையால். பொறியியல், வணிகவியல் மாணவர்கள் பாயின்ட் போட்டு எழுதிப் பழகியவர்கள். சட்டத்தில் பிரச்சினை என்ன, எந்தப் பிரிவு, நீதிமன்றம் என்ன சொன்னது, இந்தச் சூழலுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று நான்கையும் ஓட்டமாக எழுத வேண்டும். கைடு வாங்கும் முன் பேர் ஆக்ட், அதாவது சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள புத்தகம் வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல், சாட்சியச் சட்டங்களுக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சாக்ஷிய அதினியம் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் இந்தியத் தண்டனைச் சட்ட நூலை மட்டும் நம்ப முடியாது. ஆனால் பழைய எண்களும் தெரிந்தே ஆக வேண்டும். தீர்ப்புகளும் நிலுவை வழக்குகளும் அந்த எண்களில்தான் இருக்கின்றன.

பதிவுக் கட்டணமாகப் பொதுப் பிரிவினரிடம் 750, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிராக்டிஸ் செய்ய அகில இந்திய பார் தேர்விலும் தேற வேண்டும். 100 கொள்குறி வினாக்கள், தவறான விடைக்குக் கழிவு கிடையாது. முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு பிராக்டிஸ் செய்ய பார் கவுன்சிலின் விதி 49 அனுமதிக்காது.

நீதிபதி ஆவதற்காகவே சட்டத்துக்கு வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2025 மே 20 தீர்ப்புக்குப் பிறகு சிவில் நீதிபதி தேர்வுக்கு வழக்கறிஞராக மூன்று வருடம் பிராக்டிஸ் செய்திருக்க வேண்டும். பார் கவுன்சிலில் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே அது எண்ணப்படும். 28 வயதில் எல்.எல்.பி. சேர்ந்தால் 31-இல் பட்டம், 34-இல்தான் தேர்வு. தேர்வுக்கான வயது வரம்பை இப்போதே பார்த்துக்கொண்டு, அதற்கு இடம் இருந்தால் மட்டும் அந்த இலக்கை வையுங்கள்.

இறுதியாண்டு மாணவர்கள் ஒரே வருடத்தில் இரண்டு வழிகளையும் முயலலாம். கியூட் முதுநிலைத் தேர்வு வழக்கமாக மார்ச்சில் வரும், தமிழ்நாட்டு விண்ணப்பம் அதற்குப் பின் கோடையை ஒட்டி. மாற்றுச் சான்றிதழ் ஒன்றுதான் இருக்கும் என்பதால், முதலில் கிடைத்த இடத்தில் அதன் அசலைக் கொடுப்பதற்கு முன், திரும்பப் பெறும் விதியையும் கட்டணம் திரும்பும் கடைசித் தேதியையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.