சத்தமில்லாத ஷட்டருடன் ஓராண்டு

ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர் யூனிட்டை மாற்றி, கேமரா போன வாரம்தான் கைக்கு வந்தது. பில்லை நீட்டிய சர்வீஸ்காரர், “இதுலதான் சைலன்ட் மோட் இருக்கே சார், எதுக்கு மெக்கானிக்கல் ஷட்டரை இந்தப் பாடு படுத்தியிருக்கீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சைலன்ட் மோடில் வேலை செய்யும் எலக்ட்ரானிக் ஷட்டரில் அசைகிற பாகம் எதுவும் இல்லை. படத்தைப் பதிவு செய்யும் சென்சாரே மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்துக்கொள்கிறது, தேய்வதற்கு ஒன்றுமில்லை. இப்போது இந்த மாடல் விலை இறங்கியிருப்பதால், பத்திரிகை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளும் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். மெகாபிக்சல், ஃபோகஸ், வீடியோ பற்றியெல்லாம் எல்லோரும் எழுதியாயிற்று. நான் ஷட்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குச் சற்று முன்னால் வாங்கியது. அதுவரை வைத்திருந்த டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி தூக்கி விழும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். இது மூச்சே விடாது. புயல் ஓய்ந்த கையோடு எண்ணூரில் எண்ணெய் கலந்தது. கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் மீனவர்கள் படகில் உட்கார்ந்து வாளியாலும் கையாலும் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு கூழைக்கடா, கறுத்துப்போன இறகை அலகால் கோதிக் கோதிப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய கேமராவாக இருந்தால் முதல் கிளிக்கிலேயே அது மிரண்டு தண்ணீரில் இறங்கியிருக்கும். அன்று அதன் கண்ணோரத்தில் பிசுபிசுப்பு தெரியும் அளவுக்கு நெருங்கி எடுக்க முடிந்தது.

அதே மார்கழியில் சபாக்களிலும் இந்த மௌனம் கைகொடுத்தது. ஆலாபனைக்கு நடுவே ‘டக்’ என்று கேட்டால் முன்வரிசையே திரும்பிப் பார்க்கும். தொடையில் தாளம் போட்டபடி கண்மூடி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் விரல்களை ஒரு கீர்த்தனை முழுக்க எடுத்தேன். அவர் கண்ணைத் திறக்கவேயில்லை. அந்த ஆண்டில் நான் எடுத்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த படங்கள் அவை.

இதற்கிடையே தெற்கே வெள்ளம். டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. உணவுப் பொட்டலம் போட வந்த ஹெலிகாப்டரை எடுத்தால், இறக்கைகள் அரிவாள் போல வளைந்து வந்தன. வேகமாகச் சுழலும் பொருள், சென்சார் கடைசி வரியைப் படித்து முடிப்பதற்குள் இடம் மாறிவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் போட்டிருந்த நிவாரண முகாமில், கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கும் எல்இடி விளக்குக்குக் கீழே எடுத்த முகங்களில் குறுக்குக் கோடுகள். இதெல்லாம் தெரிந்த குறைதான், மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிக்கொண்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அந்த மாற்றும் வசதியை மெனுவுக்குள் எங்கேயோ கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிறார்களே, அதற்குத்தான் இன்றுவரை கோபம் வருகிறது. முழங்கால் தண்ணீரில், ஈர விரலோடு, மூன்று பக்கம் தள்ளித் தேட வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கருணாபுரத்தில் ஒரு வீட்டுப் பந்தலை ஒட்டியே அடுத்த வீட்டுப் பந்தல். ஐஸ் பெட்டியில் கைவைத்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் தலையசைத்துச் சம்மதம் கேட்டு எடுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்து, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, “எப்பப்பா எடுக்கப் போற?” என்று கேட்டார். அதற்குள் படங்கள் கார்டில் இருந்தன. கேமரா அவருக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை. திரையைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “இது வேணாம். அவரு போட்டாவோட எடு” என்று உள்ளே ஆளனுப்பி, வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கிய ஒரு படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மெக்கானிக்கலுக்கு மாற்றி எடுத்தேன். கிளிக் கேட்டது. நிமிர்ந்து பார்த்தார். இன்னொரு கிளிக். “போதும்ப்பா” என்றார். நிறுத்தினேன். முன்னால் எடுத்தவற்றை அவர் எதிரிலேயே அழித்தேன்.

எப்போது போதும் என்று சொல்ல, ஆரம்பித்துவிட்டது என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. அன்றிலிருந்து இழவு வீட்டிலும் முகாமிலும் மெக்கானிக்கல்தான். சர்வீஸ்காரரிடம் இதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் ரசீதில் முத்திரை குத்தினார்.

எல்லா இடத்துக்கும் இதே விதி என்று சொல்ல மாட்டேன். ஜூலை 30 நிலச்சரிவுக்குப் பிறகு வயநாட்டில் புத்துமலையில், அடையாளம் தெரியாத உடல்களை எண் போட்ட குழிகளில் அடக்கம் செய்தார்கள். ஒவ்வொரு மதத்தவரும் முறைவைத்துப் பிரார்த்தித்த அந்த நேரத்தில் ஷட்டர் சத்தம் போடுவது அத்துமீறல். அங்கே மௌனம் வேண்டும்.

ஆனால் டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் பக்கம் பள்ளிக்கூட முகாமில் கிளிக் கேட்டதும் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். “அண்ணா, இன்னொன்னு!” பாயும் பாத்திரமும் அடுக்கியிருந்த வகுப்பறையில், ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு புது முகபாவம் காட்டினார்கள். மௌனத்தில் எடுத்திருந்தால் அந்தப் படங்களே கிடையாது.

நிக்கான் இசட்8, இசட்9 இரண்டிலும் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை, ஸ்பீக்கர் வழியாகச் செயற்கை ஒலி வருகிறது. நண்பருடையதை வாங்கிப் பார்த்தேன், அந்த ஒலி போதுமானது. அணைத்து வைக்காமல் இருந்தால் சரி.

என் கேமராவில் ஃபோகஸ் அபாரம், மழையிலும் சேற்றிலும் ஒருநாளும் நின்றதில்லை. நான் விற்கப்போவதுமில்லை. இருந்தும் தம்பிகளுக்கு என் பதில்: செய்திப் படம்தான் வேலை என்றால் இப்போதைக்கு வேண்டாம். இந்தக் காசுக்கு நல்ல பழைய டிஎஸ்எல்ஆரும் ஒரு 24-70 மி.மீ. ஜூம் லென்ஸும் வரும். சத்தத்தோடு எடுத்துப் பழகிவிட்டு இதற்கு வாருங்கள். பறவை, கச்சேரி என்றால் யோசிக்காமல் வாங்கலாம்.

வாங்கிவிட்டவர்களுக்கு ஒன்று: அடிக்கடி தேவைப்படுவதைச் சேர்த்து வைக்கும் ‘மை மெனு’வின் முதல் வரியில் ஷட்டர் வகையைச் சேர்த்துவிடுங்கள், தேடும் தொல்லை பாதி குறையும். சர்வீஸை செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். ஷட்டர் பார்ட் வர வாரக்கணக்கில் ஆகிறது, அதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும்.