இதழ் வைத்த பிரிஸ்பிக்கு முன்பணம் கட்டலாமா?

எறிந்து விளையாடும் பிரிஸ்பித் தட்டின் நடுவை வெட்டி எடுத்துவிட்டு, மின்விசிறி இறக்கை மாதிரி நாலு சாய்ந்த இதழ்களை அங்கே வைத்திருக்கிறார்கள். "பிரிஸ்பியைவிட இருமடங்கு தூரம், யார் எறிந்தாலும் நேராகப் போகும்" என்று கூட்டுநிதித் தளத்தில், அதாவது பலரிடம் முன்பணம் திரட்டிப் பொருள் செய்யும் இணையதளத்தில், 25 டாலர் கேட்கிறார்கள். இப்படி ஒரு பக்கம் கண்ணில் பட்டால் பர்ஸை மூடி வையுங்கள். வடிவம் புதிது என்பதை நாங்கள் குறையாகச் சொல்லவில்லை. அந்த வடிவம் எங்கே சறுக்கும் என்பதை எறிந்து பார்க்காமலே சொல்லிவிடலாம், அதுதான் குறை.

முதலில் கை விஷயம். வலது கைக்காரர் பேக்ஹேண்டில், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக வீசி, எறிந்தால் தட்டு, மேலிருந்து பார்க்க, கடிகார திசையில் சுழலும். அவரே ஃபோர்ஹேண்டில், அதாவது தன் வலப்பக்கத்திலிருந்தே வீசி, எறிந்தாலோ, இடது கைக்காரர் பேக்ஹேண்டில் எறிந்தாலோ எதிர்த் திசையில் சுழலும். சாய்ந்த இதழ் ஒரு திசையில்தான் காற்றைக் கீழே தள்ளித் தட்டைத் தூக்கும். மறு திசையில் சுழன்றால் தட்டைத் தரைக்கு அழுத்தும். ஆக "யார் எறிந்தாலும்" என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது. பிரசார வீடியோவில் எறிகிறவர்கள் எல்லோரும் வலது கை பேக்ஹேண்டா என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது காற்று. கடிகார திசையில் சுழன்றபடி முன்னே போகும் தட்டில் இடப்பக்கம் காற்றை எதிர்த்து வருகிறது, வலப்பக்கம் காற்றோடு பின்வாங்குகிறது. வழவழப்பான தட்டில் இந்த வித்தியாசத்தின் விளைவு குறைவு. இதழ் இருந்தால் இடப்பக்க இதழ் அதிகம் தூக்கும், வலப்பக்க இதழ் குறைவாகத் தூக்கும். சுழலும் பொருளைப் பக்கவாட்டில் சாய்க்கும் விசை கால் சுற்று தள்ளித்தான் வேலை செய்யும். அதனால் தட்டு வலப்பக்கம் கவிழாமல் மூக்கை, அதாவது முன்விளிம்பை, தூக்கும். மேலேறி, வேகம் செத்து, தொப்பென்று விழும். ஹெலிகாப்டரில் இதே சிக்கலுக்காகத்தான் இறக்கைக்குக் கீல் வைத்தார்கள். 25 டாலர் பிளாஸ்டிக்கில் கீல் கிடையாது. போதாக்குறைக்கு, இதழ்கள் சுழற்சியையே தின்கின்றன. தட்டை நிலையாக வைத்திருப்பது அந்தச் சுழற்சிதான்.

இதழை எடுத்துவிட்டு வெறும் வளையமாக விட்டால்? அதற்கு ஒரு நல்ல முன்கதை உண்டு. ஆலன் அட்லர், பிற்காலத்தில் ஏரோபிரஸ் காபிக் கருவி செய்தவர், முதலில் ஸ்கைரோ என்ற வளையத்தைச் செய்தார். 1980-ல் அது 857 அடி பறந்து சாதனை படைத்தது. ஆனாலும் ஒரு பலவீனம் இருந்தது. வளையத்தின் முன்பாதி கீழே தள்ளிய காற்றில்தான் பின்பாதி பறக்க வேண்டும். அதனால் பின்பாதியின் தூக்குவிசை குறையும், மூக்கு எழும்பப் பார்க்கும், கடிகாரச் சுழற்சியில் அது இடப்பக்கச் சாய்வாக மாறும். ஸ்கைரோவில் இதை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மட்டுமே சமன் செய்ய முடிந்தது. வேகம் மாறினால் வளையும். வெளிவிளிம்பில் ஒரு சின்ன உதடு வைத்ததும்தான் பல வேகங்களில் சமநிலை கிடைத்தது. அந்த உதட்டால், அதே குறுக்குவெட்டு முன்பக்கமாக இருக்கும்போது ஒரு மாதிரியும் பின்பக்கமாக இருக்கும்போது இன்னொரு மாதிரியும் தூக்குகிறது. 1984-ல் வந்த ஏரோபி வளையம் அதுதான். பிரமாண்டமான யோசனை எதுவுமில்லை, ஒரு சில மில்லிமீட்டர் பிளாஸ்டிக்.

எனவே எந்தப் புது வடிவத்திடமும் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு தூரம்?" அல்ல, "அரை வேகத்தில் எறிந்தால் என்ன செய்யும்?" இதற்குப் பதில் இல்லாத பக்கத்தில் படிக்க வேறொன்றும் இல்லை.

தூரக் கணக்கையும் தனியாகச் சலிக்க வேண்டும். ஏரோபி 2003-ல் 406 மீட்டர் போனது உண்மை. ஆனால் எறிந்த இடம் சான் பிரான்சிஸ்கோவின் ஃபோர்ட் ஃபன்ஸ்டன், கடற்காற்று குன்றேறி வரும் இடம், கிளைடர்காரர்களின் களம். டிஸ்க் கோல்ஃப் (தட்டைத் தொலைவிலுள்ள கூடைக்குள் எறியும் விளையாட்டு) தட்டின் 338 மீட்டர் சாதனையும் 2016-ல் நெவாடா பாலைவனத்தில், முதுகுக் காற்றைத் தேடிப்போய் எறிந்தது. சாதனைக்காரர்களே காற்றைத் துணைக்கு அழைக்கும்போது, பூங்காவில் எடுத்த பதினைந்து விநாடி வீடியோவை எப்படி நம்புவது? கைவிட்ட கணம் முதல் தரை தொடும் வரை ஒரே ஷாட்டாக இருக்கிறதா என்று பாருங்கள்.  நியாயமான சோதனை எளிது: சமதரை, அளவு நாடா, அதே ஆள், பக்கத்தில் அல்டிமேட் என்ற குழு விளையாட்டில் பயன்படும் ஒரு 175 கிராம் தட்டு. ஐந்து எறி ஒரு திசையில், ஐந்து எதிர்த் திசையில், இரண்டின் சராசரி. அரை மணி நேர வேலை. அதைக்கூடச் செய்யாதவர்கள் தொழிற்சாலையை எப்படிச் சமாளிப்பார்கள்?

ஏனென்றால் உண்மையான தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது. காட்டுவது பெரும்பாலும் 3டி பிரிண்டரில் அச்சிட்ட மாதிரியாக இருக்கும். அதன் மேற்பரப்பில் அடுக்கடுக்காக வரி இருக்கும், எடை வேறு, விறைப்பு வேறு. மோல்டில் (வார்ப்பு அச்சில்) வார்த்த வழவழப்பான தட்டு அதேபோல் பறக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பிரிஸ்பியின் மேலுள்ள வளையக் கோடுகளுக்காகவே எட் ஹெட்ரிக் 1967-ல் காப்புரிமை வாங்கினார் என்றால் மேற்பரப்பு எவ்வளவு முக்கியம் என்று புரியும். அதோடு பாலிப்ரோப்பிலின் என்ற பிளாஸ்டிக் ஆறும்போது ஒன்று முதல் இரண்டு சதவீதம் சுருங்கும். 27 சென்டிமீட்டர் தட்டில் அது கிட்டத்தட்ட 3 முதல் 5 மில்லிமீட்டர். மோல்டைப் பெரிதாக வெட்டி ஈடுகட்டலாம்தான். ஆனால் தடித்த விளிம்பு மெதுவாகவும் மெல்லிய இதழ் வேகமாகவும் ஆறினால் தட்டு முறுக்கிக்கொள்ளும். டிஸ்க் கோல்ஃப் ஆடுபவர்களைக் கேளுங்கள், ஒரே மோல்டில் வந்த இரண்டு தொகுதிகள் மேல் தகட்டின் குவிவு மாறி வேறு வேறாகப் பறக்கும் என்பார்கள். அனுபவமுள்ள நிறுவனங்களின் கதையே அப்படி.

பணக் கணக்கு இன்னும் மெல்லியது. உதாரணத்துக்கு 600 பேர், தலைக்கு 25 டாலர், மொத்தம் 15,000. கூட்டுநிதித் தளமான கிக்ஸ்டார்ட்டர் 5 சதவீதம் எடுக்கும். பணப் பரிமாற்றத்துக்கு 3 சதவீதமும் ஆளுக்கு 20 சென்டும். மீதி 13,680. மோல்டுக்குப் பல ஆயிரம் போகும். முதல் மோல்டு சரியாக வராவிட்டால் திருத்த இன்னும் போகும். பெட்டி, தபால் எல்லாம் அதற்குப் பிறகு. வாக்குறுதியில் ஒரு தட்டைச் சேர்த்து இலவசமாகத் தருகிறேன் என்று எழுதியிருந்தால் கணக்குப் போடாமல் எழுதியது என்று வைத்துக்கொள்ளலாம். கிக்ஸ்டார்ட்டரில் இலக்கு எட்டாவிட்டால் பணம் பிடிக்க மாட்டார்கள். நெகிழ்வு முறை உள்ள தளங்களில் இலக்கைத் தொடாவிட்டாலும் வந்ததை வைத்துக்கொள்ளலாம், மோல்டுக்குப் போதாத தொகையாக இருந்தாலும். கிக்ஸ்டார்ட்டர் 2012-லேயே கணினிப் படங்களைப் பொருளாகக் காட்டக் கூடாது என்று விதி போட்டது. ஆனால் பொருள் வந்து சேரும் என்று அது பொறுப்பேற்பதில்லை. 2015-ல் வந்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு, பணம் திரட்டிய திட்டங்களில் 9 சதவீதம் சொன்னதைத் தரவில்லை என்றது. வந்து சேர்ந்தது நன்றாகப் பறந்ததா என்பது அந்த எண்ணிக்கையில் இல்லை. இந்தியாவுக்கு வரவழைப்பவர்களுக்குக் கூடுதல் தலைவலி: 2020-ல் பொம்மை இறக்குமதி வரி 20-லிருந்து 60 சதவீதமானது, 2023-ல் 70 ஆனது, 2021 முதல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரச் சான்றும் கட்டாயம். பொம்மை என்று சுங்கம் முடிவெடுத்தால் தட்டின் விலையைவிட அலைச்சல் பெரிது.

போட்டிக்கு ஆகும் என்று சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவின் விதிப்படி மேல் தகட்டில் துளை இருக்கக் கூடாது. நடு வெட்டிய தட்டு வாசலிலேயே நின்றுவிடும்.

தூரம்தான் வேண்டுமென்றால் ஏரோபி ப்ரோ வளையத்தை வாங்குங்கள். 13 அங்குலம், உள்ளே விறைப்பான பாலிகார்பனேட், ஓரத்தில் ரப்பர். அதுவும் எல்லோருக்கும் ஆகாது. வேகமாக வரும், பிரிஸ்பி போல மிதந்து நிற்காது, குழந்தைகள் பிடிப்பது கடினம். மரமும் மொட்டை மாடியும் அதன் எதிரிகள். கால்பந்து மைதானத்தைவிடச் சிறிய இடத்தில் எடுக்கவே வேண்டாம். மட்டமாக எறிந்தும் ஒரு பக்கமாகவே வளைந்தால் வளையத்தைச் சுற்றிலும் லேசாக மேல்நோக்கி வளைத்து மறுபடி எறியுங்கள். பறக்கும்போது வளைவு கூடினால் வளையத்தைக் கீழ்நோக்கி வளைத்துப் பாருங்கள். நாலைந்து எறியில் நேராகிவிடும். வெயிலில் காரின் பின்சீட்டில் கிடந்தாலோ, மேலே பை வைத்து அழுத்தினாலோ திரும்ப முதலிலிருந்து.