ஞாயிறு காலை ஏழரை மணி: கிறிஸ்தவ கேமிங் குழுவில் ஐந்தரை வருடம்

எங்கள் சேர்ச்சில் தமிழ் ஆராதனை ஞாயிறு காலை ஏழரைக்கு. நான் இருக்கும் கிறிஸ்தவ கேமிங் குழு எல்லோரும் ஒன்றாகக் கூடி விளையாடுவது அமெரிக்கக் கிழக்குக் கரையில் சனி இரவு ஒன்பதுக்கு. அங்கே கோடைகால நேரம் நடக்கிற மாதங்களில் அது கொழும்பில் ஞாயிறு காலை ஆறரை. ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் குளித்து வெளிக்கிட நேரம் இருக்கும். நவம்பரில் அவர்கள் மணிக்கூட்டைப் பின்னால் தள்ளியதும் அது சரியாக ஏழரை ஆகிவிடும். பிறகு மார்ச் வரை ஒவ்வொரு ஞாயிறும் ஹெட்செட்டா, பாட்டுப் புத்தகமா என்று முடிவெடுக்க வேண்டும். "அந்தக் கூட்டம் இருக்கும்போது சேர்ச் எதற்கு?" என்று வாலிபர்களும், "சேர்ச் இருக்கும்போது அந்தக் கூட்டம் எதற்கு?" என்று அவர்களுடைய அம்மாமாரும் என்னிடம் மாறிமாறிக் கேட்டுவிட்டார்கள். ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

சேர்ந்தது 2020 ஏப்ரலில். மார்ச் 20 ஊரடங்கு போட்டார்கள். ஏப்ரல் 12, உயிர்த்த ஞாயிறு. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீட்டுக்குள் இருந்துகொண்டு, போதகர் ஐயா பேஸ்புக் நேரலையில் பிரசங்கம் செய்வதைப் பார்த்தோம். ஃபோனை யாரோ சரியாக வைக்காததால் ஐயாவின் பாதி முகம்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய வருடத்து உயிர்த்த ஞாயிறு, 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் குண்டு வெடித்த நாள். அதன் பிறகு எங்கள் சேர்ச் வாசலிலும் பையைச் சோதித்துத்தான் உள்ளே விட்டார்கள். ஆராதனைக்குப் போவதே மனதுக்குப் பாரமாகியிருந்த காலம். அப்போதுதான் டொரொன்டோவில் இருக்கிற மச்சான், "சும்மாதானே இருக்கிறாய், இதுக்குள்ள வா" என்று வட்ஸ்அப்பில் ஒரு டிஸ்கோர்ட் இணைப்பை அனுப்பினான். விதிகளை வாசித்தேன் என்று ஒரு பொத்தானை அழுத்தினேன், உள்ளே போய்விட்டேன். அங்கே பை சோதிக்க யாரும் இல்லை.

டிஸ்கோர்ட் தெரியாதவர்களுக்கு: அது 2015இல் வந்த ஒரு செயலி. ஒரு குழுவுக்குள் பல அறைகள் வைக்கலாம். சில அறைகளில் எழுதுவார்கள், சிலவற்றில் பேசிக்கொண்டே விளையாடுவார்கள். எங்கள் குழுவில், கட்டைகளை உடைத்து அடுக்கி உலகம் கட்டுகிற மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு ஒன்று, சுடுகிற விளையாட்டுகளுக்கு ஒன்று, ஜெபக் குறிப்புகளுக்கு ஒன்று, வேத பாடத்துக்கு ஒன்று. கிறிஸ்தவ விளையாட்டு என்று தனியாக ஒன்றும் ஆடுவதில்லை, ஊரெல்லாம் ஆடுவதுதான். தோற்றவனைக் கேவலப்படுத்த மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். முன்பின் தெரியாதவர்களோடு ஆடுகிற பொது சர்வர்களில் தன் ஆங்கில உச்சரிப்புக்காக ஏச்சு வாங்கியவனுக்குத்தான் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று தெரியும்.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. மேசையில் பகடை உருட்டி ஆடுகிறவர்களின் கிறிஸ்டியன் கேமர்ஸ் கில்ட் 1996இலேயே தொடங்கிவிட்டது. 2011இல் டேனியல் ஹெரன் என்ற 11 வயது அமெரிக்கப் பையன் ரோப்லொக்ஸ் என்ற இணைய விளையாட்டுக்குள் ஒரு சேர்ச்சையே தொடங்கினான். மேட் சூசா என்ற போதகர் 2016இல் ட்விட்ச் என்ற விளையாட்டு நேரலைத் தளத்தில் காட்ஸ்குவாட் சர்ச்சைத் தொடங்கினார். இந்த இரண்டும் தங்களைச் சபை என்றே சொல்லிக்கொள்பவை. நான் இருக்கும் குழு அப்படிச் சொல்வதில்லை. அதன் விதிகளில் மூன்றாவதே, நாங்கள் உங்கள் உள்ளூர்ச் சபைக்குப் பதில் இல்லை என்பதுதான். எழுதி வைப்பது சுலபம்.

உண்மையைச் சொன்னால், முதல் வருடம் எனக்கு அது பதிலாகத்தான் இருந்தது. கட்டுப்பாடுகளோடு சேர்ச் திறந்த பிறகும் ஒன்பது மாதம் நான் போகவில்லை. கொரோனா ஒரு சாட்டு. சேர்ச்சில் ஆராதனை முடிந்து பிளேன்டீ குடிக்கும் பத்து நிமிடத்தில் என்னிடம் கேட்கப்படுபவை: "வேலை நிரந்தரமாச்சுதோ? கலியாணம் எப்ப? ஊரில எந்தப் பக்கம்?" கடைசிக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று நம் ஆட்களுக்கு விளங்கும். குழுவில் அந்தக் கேள்வி வரவே வராது. இலங்கை எங்கே இருக்கிறது என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒஹாயோவில் லொறி ஓட்டுகிற ஒருவர், மணிலாவில் ஒரு தாதி, ஸ்கொட்லாந்தில் ஒரு தாத்தா. இவர்களோடு இரவு இரண்டு மணிக்கு மைன்கிராஃப்ட்டில் கல் உடைத்துக்கொண்டு, எனக்குக் கொஞ்ச நாளாக ஜெபிக்கவே முடியவில்லை என்று சொன்னேன். எங்கள் வாலிபர் கூடுகையில் பத்து வருடத்தில் நான் அதைச் சொன்னதில்லை. கையில் வேலை இருக்கும்போது வாய் தன்பாட்டில் திறக்கிறது. அந்தக் காலத்தில் அம்மம்மாக்கள் மீன் வெட்டிக்கொண்டே ஊர்க் கதையெல்லாம் பேசினார்களே, அதே சங்கதிதான்.

மொழி மட்டும் இடறியது. சத்தமாக ஆங்கிலத்தில் ஜெபித்துப் பழக்கமில்லை. முதல் தடவை என் முறை வந்தபோது வேலைக்கு மனுப் போடுவது போல ஜெபித்தேன். இப்போது தமிழிலேயே ஜெபித்துவிடுகிறேன், அவர்கள் ஆமென் சொல்கிறார்கள்.

சரி, குறைகளுக்கு வருவோம். 2020 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் வந்தது, குழு இரண்டாக உடைந்தது. நேற்று வரை ஒன்றாக ஜெபித்தவர்கள் ஒருவரை ஒருவர் தடைசெய்துவிட்டுப் போனார்கள். எங்கள் சேர்ச்சிலும் சண்டைகள் உண்டு. கட்டடக் குழுச் சண்டை ஒன்று எட்டு வருடம் நடந்தது. ஆனால் சண்டை பிடித்த இருவரும் அடுத்த ஞாயிறு அதே வாங்கில், நாலு பேர் இடைவெளி விட்டாவது உட்கார்ந்தார்கள். இங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் ஆள் இல்லை. அப்புறம் இறையியல் அறை. குழந்தையாக இருக்கும்போது ஞானஸ்நானம் பெற்ற நான் இன்னும் இரட்சிக்கப்படவில்லை என்று 17 வயதுப் பையன் ஒருவன் இரவு முழுக்க விளக்கினான். அவனுடைய சபையில் யாராவது பெரியவர், தம்பி கொஞ்சம் பொறு என்று சொல்லியிருப்பார். அங்கே தம்பி என்று கூப்பிடவே ஆள் இல்லை. தனிச் செய்தியில் வந்து தாயின் சத்திர சிகிச்சைக்குக் காசு கேட்ட ஒருவருக்கு 50 டொலர் அனுப்பினேன். பிறகு பார்த்தால் அதே கதையை இன்னும் நாலு பேருக்குச் சொல்லியிருந்தார். குழுவை நடத்துகிறவர்கள் அவரை நீக்கினார்கள். என் காசு போனது போனதுதான்.

2021 பெரிய வியாழன் அன்று ஒருவர் குரல் அறையிலேயே, அப்பமும் திராட்சரசமும் பகிர்கிற திருவிருந்தை நடத்தினார். ஆளாளுக்குக் கையில் கிடைத்ததை எடுத்து வையுங்கள் என்றார். என்னிடம் இருந்தது கிரீம் கிராக்கரும் இஞ்சிப் பிளேன்டீயும். அந்த நல்ல மனிதரைக் குறை சொல்லவில்லை, ஆனால் சின்னப் பிள்ளைகள் மண்சோறு ஆக்குவது போல இருந்தது. இதைச் சொன்னதும் என் கத்தோலிக்க நண்பன் சிரித்தான். இணையத்தில் திருவிருந்து போன்ற அருட்சாதனங்கள் இல்லை என்று வத்திக்கான் 2002இலேயே ஒரு ஆவணத்தில் எழுதிவிட்டதாம். எனக்கு ஞாபகம் வந்தது யோவானின் இரண்டாம் நிருபத்தின் முடிவு. எழுத நிறைய இருக்கிறது, ஆனாலும் காகிதமும் மையும் வேண்டாம், நேரில் வந்து பேசுகிறேன் என்கிறார். எழுதிக்கொண்டே சொல்கிறார் என்பதுதான் அழகு.

அடுத்த ஞாயிறு சேர்ச்சுக்குப் போனேன். யாரும் எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. அதற்காகக் கொஞ்சம் கோபமும் வந்தது.

2022 ஜூனில் அப்பா மோசமானார். எரிபொருள் இல்லாத கொழும்பு அது. எரிபொருளைப் பங்கிட்டுத் தரும் கியூஆர் முறை வருவதற்கு முந்தைய வாரங்கள். முச்சக்கரவண்டிக்காரர்கள் இரண்டு நாள் வரிசையில் நின்றார்கள். அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக பெட்ரோல் தந்தவர், ஊரில எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்த அதே அங்கிள். தன் மோட்டார் சைக்கிளில் இருந்து குழாய் போட்டு இழுத்துப் போத்தலில் கொண்டுவந்தார், வாயெல்லாம் பெட்ரோல் மணம். அப்பா போன அன்று போதகர் ஐயா பம்பலப்பிட்டியில் இருந்து சைக்கிளில் வந்தார். கனத்தை மயானத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நடந்தே வந்தார்கள். டிஸ்கோர்ட்டில் இதில் ஒன்றுகூட முடியாது. இதில் விவாதிக்க எதுவும் இல்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. முப்பத்தொன்றாம் நாள் வரை வீடு நிறைய ஆட்கள், சோறு, பாட்டு. முப்பத்திரண்டாம் நாள் ஒருவரும் இல்லை. நம் வழக்கம் அப்படி. அன்றோடு துக்கம் முடிந்துவிட வேண்டும். செப்டம்பரில் ஒரு இரவு அந்த மணிலாத் தாதியிடமிருந்து செய்தி: இன்று மூன்று மாதம், எப்படி இருக்கிறாய்? நாள்காட்டியில் நினைவூட்டல் போட்டு வைத்திருந்தாராம். நினைவூட்டல் போட்டு அன்பு காட்டுவதா என்று யாராவது கேட்டால் கேட்கட்டும். அன்றைக்கு அப்பாவைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். இதைப் போதகர் ஐயாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தன் டயரியை எடுத்தார். இப்போது எங்கள் சபையில் இறந்தவர்களின் வீட்டுக்கு மூன்றாம் மாதமும் ஆள் போகிறது.

பிறகு, 2023இல், சபை வாலிபர்களுக்கென்று ஒரு சின்ன மைன்கிராஃப்ட் உலகம் தொடங்கினோம். பெரும்பாலானவர்களிடம் ஃபோன்தான் இருந்ததால், ஃபோனிலும் ஓடுகிற பெட்ராக் பதிப்பு. நம் உலகத்தை இணையத்தில் திறந்து வைத்து, நம்மோடு இன்னும் பத்துப் பேர் சேர்ந்து ஆடக்கூடிய ரெல்ம்ஸ் சந்தா அப்போது மாதம் 7.99 டொலர். டொலர் 200 ரூபாயாக இருந்த காலத்தில் அது 1,600 ரூபாய். 360 ஆனபோது 2,900 அளவில். பிறகு கொஞ்சம் இறங்கியது, ஆனாலும் சபைக் கணக்கில் "விளையாட்டு" என்று எழுதப் பொருளாளர் ஒத்துக்கொள்ளவில்லை. "வாலிபர் ஊழியம், இதர" என்று போட்டார்.

வாலிபர் கூடுகையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒரு தம்பி இருந்தான். கேட்டால் தலையை ஆட்டுவான், அதுவும் அரைகுறையாக. மைன்கிராஃப்ட்டில் அவன்தான் மேஸ்திரி. மூன்று வாரத்தில் ஒரு சேர்ச் கட்டினான், உள்ளே ரெட்ஸ்டோன் என்ற, அந்த விளையாட்டின் மின்சுற்று போட்டு மணியும் அடிக்க வைத்தான். அதன் பிறகு நேரில் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று சந்தேகம் கேட்டார்கள். இப்போது ஆராதனைக்கு ஒலிப்பெட்டி வேலை அவனுடையது. பேச்சு இன்னும் குறைவுதான். பரவாயில்லை.

இதைத் தொடங்க நினைக்கிற சபைகளுக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட சில. டிஸ்கோர்ட்டுக்குக் குறைந்தது 13 வயது வேண்டும். தங்கச்சிக்கும் ஒரு கணக்கு போட்டுத் தாங்கோ என்று அண்ணன்மார் வருவார்கள், மறுத்துவிடுங்கள். குழு உறுப்பினர்கள் தனிச் செய்தி அனுப்பும் வசதியை முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையின் ஃபோனிலும் நிறுத்துங்கள். குரல் அறையில் பெரியவர் ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது, இருவராவது வேண்டும். டிஸ்கோர்ட்டில் 2023இல் வந்த குடும்ப மையம் என்ற வசதியில் பிள்ளை யாரோடு பேசியது என்று பெற்றோர் பார்க்கலாம், என்ன பேசியது என்று பார்க்க முடியாது. அது நியாயமான அளவு என்றுதான் எனக்குப் படுகிறது. இரவு ஒன்பதரைக்கு உலகத்தை மூடுங்கள். உயர்தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் அம்மாமார் உங்களை வாழ்த்துவார்கள். நிறையப் பேர் இருக்கிற வெளிநாட்டுக் குழுவுக்குள் பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள். நான் வளர்ந்தவன், எனக்கே 50 டொலர் போனது.

கரண்ட் போனால் எல்லாம் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ரவுட்டருக்குச் சின்ன யூபிஎஸ் வாங்கினேன், பார்த்தால் சிக்னல் கோபுரமும் செத்துவிட்டது. அந்த வாரங்களில் எனக்குக் குழுவே கிடையாது. சேர்ச்சில் மெழுகுதிரி ஏற்றி, மைக் இல்லாமல் ஆராதனை நடந்தது. ஐயாவின் குரல் பின்வரிசை வரை எட்டாததால் எல்லோரும் முன்னால் வந்து உட்கார்ந்தோம்.

சந்தாவை நீட்டிப்பேனா என்றால், சபை உலகத்துக்கு ஆம். வெளிநாட்டுக் குழுவுக்குக் காசு தேவையில்லை, தூக்கம்தான் செலவு. அதில் இருப்பேன், ஆனால் இறையியல் அறையை முழுதாக மௌனமாக்கிவிட்டேன். போன நவம்பரில் நேரம் மாறியபோது அவர்களிடம், மார்ச் வரை சனி ஆட்டத்துக்கு நான் வரமாட்டேன், சேர்ச்சில் எனக்கு முறை இருக்கிறது என்றேன். என்ன முறை என்று லொறிக்காரர் கேட்டார். ஆராதனை முடிந்ததும் பிளேன்டீ ஊற்றுகிற முறை என்றேன். புதிதாக வருகிறவர்களிடம் ஊர் எது என்று கேட்காமல் ஊற்றப் பார்க்கிறேன். இரண்டு தடவை வாய் தவறிக் கேட்டும்விட்டேன்.